பிழை நேரின் முதலிலிருந்து தொடங்குக

கிதார் பழகுகிறவர்கள் பாட்டுப் பழகுகிறார்கள் என்ற நம்பிக்கை நன்கு படித்தவர்களிடையேகூட வேரூன்றிக் கிடக்கிறது. இதை மறுத்துப் பதிவு செய்யாமல் போனால் வருங்காலத் தலைமுறை என்னை மன்னிக்காது என்பதால் சொல்கிறேன்: பொழுதுபோக்காகக் கிதாரைக் கையில் எடுத்த எவரும், எந்த ஊரிலும் எந்தக் காலத்திலும், ஒரு பாட்டைப் பழகியதில்லை. அவர்கள் பழகுவது பாட்டின் முதல் பதினாறு விநாடிகளை. பதினேழாவது விநாடியில் விரல் தவறும். மறுபடி முதலிலிருந்து. இப்படியே ஆயுள் போகும்.

பகலில் நான் லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரி நூலகத்தில் புத்தகங்களின் முதுகில் எண் ஒட்டுகிறேன். மாலையில், வாரம் மூன்று நாள், முதலியார்பேட்டையில் ஒரு தையல் கடைக்கு மேலிருக்கும் அறையில் பெரியவர்களுக்குக் கிதார் சொல்லித் தருகிறேன். பெரியவர்களுக்கு மட்டும்தான். இளையவர்கள் கைப்பேசியைப் பார்த்துத் தாங்களாகவே கற்றுக்கொண்டு என்னைவிட நன்றாக வாசித்துத் தொலைக்கிறார்கள். வேலைக்குப் போய், வீட்டுக்குக் காய்கறி வாங்கிப் போட்டுவிட்டு, அதன் பிறகு விரலைத் தேய்த்துக்கொள்ள வருகிறவர்கள்தான் என் ஆட்கள். இதைப் படிக்கும் உங்கள் வீட்டு மூலையிலும் உறை போட்ட கிதார் ஒன்று சாய்ந்திருக்கலாம். அதன் கழுத்தில் ஈரத் துண்டு காய்ந்துகொண்டிருக்கலாம். வெட்கப்படாதீர்கள், நாம் ஒரே இனம்.

கீழ்த்தளத்தின் கருத்து

என் அறைச் சுவரில் ஒரே ஓர் ஆணி. அதில் ஓர் அட்டை. "பிழை நேரின் முதலிலிருந்து தொடங்குக" என்று கறுப்பு மையில் நானே எழுதி மாட்டியது. ஒன்பது வருடமாக அது அங்கேதான் தொங்கியது. ஒரு புத்தகத்துக்கு எண் தவறினால் முழு அடுக்கும் தவறு என்று நம்புகிற தொழிலிலிருந்து வந்தவன் நான். தவறு விட்டவர் அந்த அட்டையைப் பார்ப்பார், பெருமூச்சு விடுவார், முதலிலிருந்து தொடங்குவார். சொல்லவே வேண்டாம். அப்படி ஓர் அதிகாரம் அந்த அட்டைக்கு.

கீழே தையல் கடை கோதண்டத்தினுடையது. மில்லில் தறி ஓட்டியவர். மில் மூடிய பிறகு தையல் மெஷினுக்கு வந்தவர். சத்தம் அவருக்குப் பெரிதில்லை. ஒருநாள் படியேறி வந்தார். வாயில் இரண்டு குண்டூசி, கழுத்தில் டேப். புகார் என்று நினைத்து மன்னிப்பு வாசகம் ஒன்றை மனத்துக்குள் தயாரித்துக்கொண்டேன். குண்டூசிகளை எடுத்து சட்டையில் குத்திக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு கேட்டார்:

"சத்தத்துக்கு ஒண்ணும் சொல்லல சார். கீழ கட போட்டு ஒன்றர வருஷமா கேட்டுட்டு இருக்கேன், அந்தப் பாட்டெல்லாம் எப்படி முடியும்னு மட்டும் ஒரு தடவ சொல்லிடுங்க."

விரல் வரவில்லை

சுந்தரமூர்த்தி அரசு அலுவலக எழுத்தர். ஸ்கூட்டரில் வந்து இறங்கியதும் அவருக்கு வரும் முதல் கவலை, ஹெல்மெட்டை எங்கே வைப்பது என்பது. ஆணி ஒன்றுதான், அதில் அட்டை. "அத கொஞ்சம் நகத்தினா ஹெல்மெட்ட மாட்டலாம் சார்" என்று ஒருமுறை கேட்டார். கொள்கையும் ஹெல்மெட்டும் ஒரே ஆணியில் தொங்க முடியாது என்று விளக்கினேன். அதிலிருந்து அவர் ஹெல்மெட்டை மடியில் வைத்து, அதன்மேல் கிதாரை வைத்து வாசித்துவந்தார். பார்ப்பதற்குக் கர்ப்பிணிக் கிதார் போலிருக்கும்.

கிதார்த் தந்தி எஃகு. முதல் மாதம் இடது கை விரல் நுனிகள் எரியும், அடுத்து தோல் உரியும், பிறகு காய்த்துப்போகும். காய்த்துப்போனால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று என்று நான் கைகுலுக்குவது வழக்கம். சுந்தரமூர்த்திக்கும் குலுக்கினேன். அடுத்த திங்கட்கிழமை, அலுவலக வருகைப் பதிவு இயந்திரம் அவரை ஏற்க மறுத்துவிட்டது. அவர் பதிந்துவைத்திருந்தது இடது ஆள்காட்டி விரல். துடைத்தார், ஊதினார், முடியில் தேய்த்தார். பின்னால் வரிசை வளர்ந்தது. கண்காணிப்பாளர் அம்மாள் வந்து அந்த விரலைக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். ரேகை இருக்கவேண்டிய இடத்தில் குறுக்கே ஒரு தந்தித் தடம்.

"மூர்த்தி, ஆளு வந்துட்டீங்க. உங்க விரல்தான் இன்னும் டூட்டிக்கு வரல."

முசே கபிரியேலின் பாட்டு

முசே கபிரியேல் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊர்ப் பேச்சில் அப்படிப்பட்டவர் சொல்தா, முசே என்றால் ஐயா. காலணிக்குப் பாலிஷ் போடாமல் வகுப்புக்கு வரமாட்டார். ஒன்றரை மணி நேர வகுப்பில் முதல் ஒரு மணி நேரம் அவர் சுருதி சேர்ப்பார். ஒவ்வொரு தந்தியையும் முறுக்கி, தட்டி, காதைச் சாய்த்து, ஒரு மயிரிழை தளர்த்தி, மறுபடி முறுக்கி. ஆறாவது சேரும்போது முதலாவது இறங்கியிருக்கும். கடல் காற்றுக்கு ஒழுக்கம் கிடையாது என்பார். கிதாரைச் சரிபார்த்துக்கொண்டே இருப்பவர் ஒருநாளும் வாசிக்கப்போவதில்லை என்று நான் உள்ளுக்குள் தீர்ப்பு எழுதிவைத்திருந்தேன்.

ஒருநாள் அவர் மனைவி, மதாம் என்றே எல்லோரும் அழைக்கும் அம்மாள், அவரை அழைத்துப்போக வந்தார். வீட்டில் முசே என்ன வாசிக்கிறார் என்று சற்றுக் குறும்பாகவே கேட்டேன். மதாம் முகம் மலர்ந்தது. அருமையான ஒரு பாட்டு, தினமும் காலையில் வாசிக்கிறார், அதைக் கேட்டுக்கொண்டேதான் காப்பி போடுகிறேன் என்றார். முசே தரையைப் பார்த்தார். எந்தப் பாட்டு என்று கேட்டேன்.

"பேர் தெரியாது. மெதுவா மேல ஏறும், கொஞ்சம் எறங்கும், மறுபடி ஏறும், கடசில சரியா எடத்துல போய் உக்காருமே, அது. முடியவே முடியாது. அதான் எனக்குப் புடிக்கும்."

வஞ்சரத் தலை

எஃப் என்று ஒரு கார்டு உண்டு. கார்டு என்பது பல தந்திகளை ஒருசேர அழுத்திப் பிடிக்கும் பிடி. எஃப்புக்குச் சுட்டுவிரலை ஆறு தந்திகள் மீதும் குறுக்கே படுக்கவைத்து அழுத்த வேண்டும். உலகத்தில் பரணில் கிடக்கும் கிதார்களில் பெரும்பாலானவை எஃப்பால் ஏறியவை. என்னிடம் வந்தவர்களில் திடீரென முதுகு வலி வந்தவர்கள், உறவினர் வீட்டு விசேஷம் வந்தவர்கள், வேறு ஊருக்கு மாற்றல் வந்தவர்கள் எல்லோருக்கும் அது எஃப் சொல்லிக்கொடுத்த வாரத்தில்தான் வந்தது.

போன தடைக்காலம் தொடங்கிய வாரத்தில் கலையரசி வந்தார். மீன்கள் முட்டையிடும் இரண்டு மாதம் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது, அதுதான் தடைக்காலம். வீராம்பட்டினத்துக்காரர். தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் ஏலம் எடுத்து மார்க்கெட்டில் மீன் விற்பவர். படகு போகாததால் அவருக்கு இரண்டு மாதம் மாலை வேளை கிடைத்திருந்தது. கையில் மகன் வாங்கி மூன்றே மாதத்தில் கைவிட்ட கிதார். "எஃப்புன்னு ஒண்ணு இருக்காமே, அதுல எல்லாரும் ஓடிடுவாங்கன்னு என் பையன் சொன்னான். அதையே மொதல்ல காட்டுங்க சார்" என்றார். காட்டினேன். அழுத்தினார். ஆறு தந்தியும் மணி போல் ஒலித்தன. எட்டு மாதமாக எஃப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த சுந்தரமூர்த்தியின் மடியிலிருந்து ஹெல்மெட் உருண்டு விழுந்தது. கலையரசி தன் விரலைத் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கா ஓடறாங்க? வஞ்சரத் தலைய அமுக்கிப் புடிச்சு அரியறத விட லேசாதான சார் இருக்கு."

ரெண்டு தட்டு

என்ன பாட்டு வேண்டும் என்று கேட்டேன். ஒரே ஒரு பாட்டு, பழைய சினிமாப் பாட்டு, வேறெதுவும் வேண்டாம், தடை முடிவதற்குள் வேண்டும் என்றார். தடை முடிந்தால் விடியுமுன் துறைமுகத்தில் நிற்க வேண்டும். பிறகு மாலையில் உடம்பு எழுந்திருக்காது.

அது அவர் கணவர் ஏழுமலையின் பாட்டு. படகில் போகும்போது பாடுவார். கல்யாண வீட்டில் மைக்கைப் பிடுங்கிப் பாடுவார். கலையரசியைப் பெண் பார்க்க வந்தபோதும் பாடித் தொலைத்தாராம். சென்ற வருடம் தொண்டையில் கட்டி வந்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். உயிர் பிழைத்தது, குரல் போய்விட்டது. கழுத்தில் மெல்லிய துண்டு சுற்றிக்கொண்டு இப்போது துறைமுகத்தில் வலை சீர்பண்ணுகிறார். சொல்ல வேண்டியதைக் கைப்பேசியில் தட்டிக் காட்டுவார். மனைவியைக் கூப்பிட வேண்டுமானால் கதவிலோ தரையிலோ இரண்டு தட்டு. எல்லாவற்றுக்கும் பழகிவிட்டார், அந்தப் பாட்டு ஒன்றைத் தவிர. டிவியில் அது வந்தால் அணைத்துவிடுவார். பக்கத்து வீட்டு டிவியில் வந்தால் எழுந்து கடற்கரைக்குப் போய்விடுவார். அந்தப் பாட்டு வீட்டில் மறுபடி கேட்க வேண்டும் என்பதுதான் கலையரசிக்கு வேண்டியது. நீங்கள் வாசித்தாலும் அவர் எழுந்து போய்விட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"டிவிய ஆஃப் பண்ணிடறாரு சார். என்னைய எப்படி ஆஃப் பண்ணுவாரு? நானும் பாக்கறேன்."

அதே இடம்

கணவர் துறைமுகத்துக்குப் போன நேரம் பார்த்துப் பழகி, கலையரசி பல்லவியை ஒரு வாரத்தில் பிடித்தார். முதல் சரணம் மூன்று வாரம். இரண்டாம் சரணத்தின் நடுவில் எஃப் வருகிறது. அழுத்துவது அவருக்கு எளிது. நேரத்துக்கு அங்கே போய்ச் சேர்வதுதான் சிக்கல். தாளம் நகர்ந்துகொண்டிருக்கும்போது விரலைத் தூக்கி ஆறு தந்தி மீதும் இறக்குவது வேறு வித்தை. ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் தடுக்கினார். தடுக்கியதும் நிமிர்ந்து அட்டையைப் பார்ப்பார். நானும் பார்ப்பேன். முதலிலிருந்து.

இதன் பலனை நான் கண்ணால் கண்டேன். பல்லவி நாளுக்கு நாள் மெருகேறி, பட்டுப் போலாயிற்று. முதல் சரணம் அதைவிடச் சற்றுக் குறைவு. இரண்டாம் சரணம் மட்டும் தொட்டிலை விட்டு இறங்கவேயில்லை. ஏனென்றால் அங்கே போய்ச் சேரும்போதெல்லாம் அவரைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒன்பது வருடத்தில் இதை நான் யோசித்ததில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். அப்போதும் யோசிக்கவில்லை. தடை முடிய ஒரு வாரம் இருந்தது. கலையரசி முதன்முறையாக வகுப்பு முடியுமுன்பே கிதாரை உறைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினார். சுந்தரமூர்த்தி தனக்குத் தெரிந்த ஒரே வழியில் ஆறுதல் சொன்னார்:

"கவலப்படாதீங்கக்கா. மொத சரணம் வரைக்கும் கச்சேரியே பண்ணலாம் நீங்க. அதுக்கப்புறம் கரண்டு போயிடுச்சுன்னு சொல்லிடலாம்."

தடை முடிய இரண்டு நாள்

அந்தக் கடைசிச் சனிக்கிழமை கலையரசி கணவரோடு வந்தார். கிதார் கனக்கிறது, படியேற முடியவில்லை என்று பொய் சொல்லிக் கூட்டிவந்திருந்தார். ஐம்பது கிலோ மீன் கூடையைத் தூக்குகிறவருக்குக் கிதார் கனக்கிறது என்பதை ஏழுமலை நம்பியிருக்கமாட்டார், ஆனாலும் வந்தார். நெடிய ஆள். துண்டைக் கழுத்தில் சரிசெய்துகொண்டு, கதவோரம் நாற்காலியில் உட்கார்ந்தார். முசே எழுந்து கைகொடுத்தார். கலையரசி வாசிக்கத் தொடங்கினார்.

இரண்டாவது கார்டிலேயே எந்தப் பாட்டு என்று ஏழுமலைக்குத் தெரிந்துவிட்டது. எழுந்தார். கதவு வரை போனார். நிலையைப் பிடித்துக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி, படியைப் பார்த்து நின்றார். இறங்கவில்லை. கலையரசி அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே பல்லவி முடித்தார். முதல் சரணம் முடித்தார். இரண்டாம் சரணம் வந்தார். எஃப். தடுக்கியது. அட்டையைப் பார்த்தார். முதலிலிருந்து தொடங்கினார். பட்டுப் போன்ற பல்லவி. சரணம். அதே இடம். தடுக்கியது. இந்த முறை கை தந்தி மேலேயே நின்றுவிட்டது. கீழே தையல் மெஷினும் நின்றது.

கதவு நிலையில் இரண்டு தட்டு கேட்டது. கலையரசி, வீட்டில் கூப்பிட்டால் நிமிர்வது போல நிமிர்ந்தார். ஏழுமலை திரும்பவில்லை. மறுபடி இரண்டு தட்டு. மறுபடி. அவர் கூப்பிடவில்லை, பாட்டு போய்க்கொண்டிருந்தது. கலையரசி நின்ற இடத்தில் அது நிற்காமல் ஏழுமலையின் விரல் கணுக்களில் தாளமாக நடந்துகொண்டிருந்தது. நான் பழக்கதோஷத்தில், "முதலிலிருந்து" என்று வாயைத் திறந்தேன். முசே என் முழங்காலில் கை வைத்து, "அத்தாந்" என்றார். பொறு என்று பொருள். கலையரசி இரண்டு தட்டைக் காதில் வாங்கிக்கொண்டார். மூன்றாவதில் உள்ளே விழுந்தார். பாதி வரி போய்விட்டிருந்தது. போனது போகட்டும் என்று விட்டுவிட்டு, இருந்த இடத்திலிருந்து வாசித்தார். அடுத்த எஃப் மங்கலாக வந்தது. அவர் நிற்கவில்லை. தட்டும் நிற்கவில்லை. பல்லவி திரும்ப வந்தது. கடைசிக் கார்டு. அது அடங்கும் வரை கை எடுக்காமல் இருந்தார்.

எங்கள் அறையில் ஒரு பாட்டு முடிந்தது அதுதான் முதல் தடவை. முடிந்தால் என்ன செய்ய வேண்டும் என்று யாருக்கும் தெரியவில்லை. கீழேயிருந்து கோதண்டத்தின் குரல் வந்தது: "முடிஞ்சுதா?" முடிந்தது என்று சுந்தரமூர்த்தி கத்தினார். கீழே ஒற்றை ஆளாகக் கைதட்டல் கேட்டது.

ஏழுமலை திரும்பினார். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, சுவரில் இருந்த அட்டையை நிதானமாகப் படித்தார். பிறகு கைப்பேசியில் வெகுநேரம் தட்டி என்னிடம் நீட்டினார். "வலை இழுக்கறப்ப கை நழுவினா நழுவின எடத்துல புடிக்கணும் சார். மொதல்லேர்ந்துதான் புடிப்பேன்னா வலையோட கடல்ல போக வேண்டிதான்." நான் படித்து முடித்ததும் பிடுங்கி, இன்னொன்று தட்டி, மனைவியிடம் நீட்டினார். கலையரசி சத்தமாகப் படித்தார்: "ரெண்டாவது சரணத்துல ஏன் அந்த ஓட்டம்? பஸ்ஸ விட்டுட்டியா?" படித்துவிட்டு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். கண் நிறைந்திருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது.

"பாத்தீங்களா சார்? கொற சொல்ல ஆரம்பிச்சிட்டாரு. பழைய ஆளு வந்துட்டாரு."

தடைக்குப் பிறகு

படகுகள் போய்விட்டன. கலையரசி வகுப்புக்கு வருவதில்லை. போன வாரம் மார்க்கெட்டில் பார்த்தேன். சங்கரா மீனைச் செதில் எடுத்துக்கொண்டே, தலையைத் தூக்காமல் நலம் விசாரித்தார். காய்த்த விரல் நுனிகள் அப்படியே இருக்கின்றன. மீன் வேலையில் அது தனியாகத் தெரியாது. டிவியில் அந்தப் பாட்டு வந்தால் இப்போதாவது ஏழுமலை கேட்கிறாரா என்று விசாரித்தேன்.

"இப்பவும் ஆஃப் பண்ணிடறாரு சார். ஆஃப் பண்ணிட்டு ரெண்டு தட்டு தட்டறாரு, நீ வாசின்னு."

வகுப்பு வழக்கம்போல நடக்கிறது. முசே சுருதி சேர்க்கிறார், சுந்தரமூர்த்தி அலுவலகத்தில் வலது கை கட்டைவிரலைப் பதிந்துகொண்டார், சுவரில் அந்த ஒரே ஆணியில் இப்போது அவர் ஹெல்மெட் தொங்குகிறது.